தள்ளி விழும் தாளம்

டெட்ராய்ட் நகரத்து ஹிப் ஹாப் இசைக்கலைஞர் ஜே டில்லா அமைத்த பீட் ஒன்றை ஓடவிட்டு, மேசையில் தாளம் தட்டிப் பாருங்கள். ஸ்னேர் டிரம்மின் ஒலி உங்கள் கையை நூலிழை முந்திக்கொள்ளும். கிக் டிரம் சாவகாசமாகப் பின்னால் வந்து சேரும். தாளம் தப்பிவிட்டதோ என்று சந்தேகம் வரும். அதற்குள் தலை ஆட ஆரம்பித்திருக்கும். தப்பிய தாளத்துக்கு யாருக்கும் தலை ஆடாது. அப்படியானால் அந்தச் சில கணங்களில் என்னதான் நடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள முதலில் கருவியைப் பார்க்க வேண்டும். 1980-இல் அமெரிக்கரான ரோஜர் லின் எல்எம்-1 என்ற டிரம் கருவியைக் கொண்டுவந்தார். அதில் ஒரு வசதி இருந்தது. வாசிப்பவர் பொத்தானைக் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ தட்டினாலும், கருவி அந்த ஒலியைப் பக்கத்திலுள்ள சரியான இடத்துக்கு இழுத்து வைத்துவிடும். இதைத்தான் குவாண்டைஸ் என்கிறார்கள். 1988-இல் அகாய் நிறுவனத்துக்காக லின் வடிவமைத்த எம்பிசி60-இலும் அதே வசதி உண்டு. பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, 16 ரப்பர் பொத்தான்களில் ஏற்றி, விரலால் வாசிக்கலாம். ஹிப் ஹாப் இசையமைப்பில் இந்தப் பெட்டி முக்கிய இடம் பிடித்தது.

எம்பிசி ஒரு தட்டை 96 கூறுகளாகப் பிரிக்கிறது. நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டின் நீளம் 667 மில்லிவிநாடி. அப்படியானால் ஒரு கூறு சுமார் 7 மில்லிவிநாடி. அவ்வளவு நெருக்கத்தில் விழும் இரண்டு டிரம் ஒலிகள் பெரும்பாலும் ஒன்றாக ஒட்டி, சற்றே தடித்த ஒரே ஒலியாகத்தான் கேட்கும். இடைவெளி மூன்று நான்கு கூறுகளாக வளர்ந்தால், எது முன்னால் வந்தது என்று காது பிரிக்கத் தொடங்கும். இந்த எல்லைக்கோட்டின் மேல்தான் டில்லா வேலை செய்தார்.

இயற்பெயர் ஜேம்ஸ் யான்சி. 1974-இல் பிறந்தவர். அம்மா மொரீன் ஆபெரா பயின்ற பாடகி. அப்பா ஜாஸ் இசையில் பாஸ் வாசித்தவர். ஆபெராவில் பாட்டு இழுத்த இழுப்புக்கு வாத்தியங்கள் காத்திருக்கும். ஜாஸில் பாஸ் ஒரு மயிரிழை முன்னால் நடந்தால் பாட்டே விரைவதுபோல் இருக்கும். பேச்சு வரும் முன்பே இந்த இரண்டையும் காதில் வாங்கிய பிள்ளைக்கு, கருவி திருத்தித் தரும் காலம் உயிரில்லாததாகத் தோன்றியதில் எனக்கு வியப்பே இல்லை. அவர் வளர்ந்த கோனன்ட் கார்டன்ஸ் பகுதியிலேயே, பார்லமென்ட்-ஃபங்கடெலிக் குழுவில் கீபோர்டு வாசித்த ஆம்ப் ஃபிட்லர் இருந்தார். எம்பிசியை டில்லா முதலில் பழகியது அவரிடம்தான்.

டில்லா குவாண்டைஸை அணைத்துவிட்டு வாசித்தார், அவ்வளவுதான் என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிக் கதை. ‘டில்லா டைம்’ என்ற புத்தகத்தை 2022-இல் எழுதிய டான் சார்னஸ் இதைத் தெளிவாக்கியிருக்கிறார். நமக்குப் பழகிய சொற்களில் சொன்னால், முன்பு பார்த்த 667 மில்லிவிநாடித் தட்டைச் சதுஸ்ரமாகச் சரிபாதி பிரித்தால் நடு ஒலி 333-ஆவது மில்லிவிநாடியில் விழும். திஸ்ரமாக மூன்றாக்கி, மூன்றாவதில் ஒலியை வைத்தால் அது 444-க்குத் தள்ளிப்போகும். ஜாஸின் ஊஞ்சல் நடை அது. மற்றவர்கள் ஒரு பாட்டுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். டில்லா ஒரு கருவியை நேராகவும் இன்னொன்றை ஊஞ்சலிலும் ஒரே சமயத்தில் ஓடவிட்டார். கூடவே ஸ்னேரை மட்டும் சில கூறுகள் முன்னுக்கு நகர்த்துவார். அசையாமல் உட்கார்ந்து தாளம் கேட்டால்கூட மூளையில் உடலை இயக்கும் பகுதிகள் வேலை செய்கின்றன; அடுத்த தட்டு எப்போது வரும் என்று அவை முன்கூட்டியே கணிக்கின்றன. டில்லாவின் பீட்டில் அந்தக் கணிப்பு நிறைவேறவும் செய்கிறது, இலேசாக ஏமாறவும் செய்கிறது. அந்த இழுபறியைத் தீர்க்கத்தான் கழுத்து அசைகிறது என்பது என் எண்ணம்.

ஸ்லம் வில்லேஜ் குழுவோடு அவர் செய்த முதல் ஆல்பம் 1990-களின் பிற்பகுதியில் முறையாக வெளிவராமலே, நகல்களாக இசைக்கலைஞர்களிடையே கைமாறியது. தி ரூட்ஸ் குழுவின் டிரம்மர் குவெஸ்ட்லவ் அதில் மயங்கினார். மெட்ரோனோம் போல வாசிக்கப் பல ஆண்டுகள் உழைத்தவர், இந்தத் தள்ளாட்டத்தைக் கையில் கொண்டுவர மறுபடி பாடம் படித்தார். 2000-இல் வந்த பாடகர் டி’ஆஞ்செலோவின் ‘வூடூ’ ஆல்பத்தில் அதைக் கேட்கலாம். மனிதக் கையின் பிசகைத் திருத்தக் கருவி வந்தது. அந்தக் கருவியிடமிருந்து மனிதக் கை மறுபடி பிசகைக் கற்றது!

டில்லாவைப் போல வீட்டிலிருந்தே காதைப் பெற்றவர்கள் அண்டர்கிரவுண்ட் ஹிப் ஹாப்பில் வேறு சிலரும் உண்டு. 2003-இல் டில்லாவோடு ‘சாம்பியன் சவுண்ட்’ ஆல்பத்தைச் செய்த மேட்லிப், ஜாஸ் டிரம்பெட் கலைஞர் ஜான் ஃபேடிஸின் உடன்பிறந்தவரின் மகன். டில்லாவை ஆசானாகக் கொண்ட லாஸ் ஏஞ்சலிஸின் ஃப்ளையிங் லோட்டஸுக்குப் பாட்டியின் சகோதரி ஆலிஸ் கோல்ட்ரேன். டெட்ராய்ட்டில் பிறந்து ஹார்ப்பில் ஜாஸ் வாசித்த மேதை அவர்.

டில்லாவின் கைத்திறனை ஒரே பாட்டில் பார்க்க வேண்டுமென்றால் ‘டோனட்ஸ்’ ஆல்பத்தின் ‘டோன்ட் க்ரை’ போதும். எஸ்கார்ட்ஸ் குழுவின் பழைய சோல் பாட்டொன்றைத் தொடக்கத்தில் ஏறக்குறைய உள்ளபடியே ஓடவிடுகிறார். கையில் இருக்கும் பொருள் இதுதான் என்று காட்டிவிடுகிறார். பிறகு அதை அசை அசையாக நறுக்கி, வரிசை மாற்றி, அதே குரல்களிலிருந்து வேறொரு மெட்டைக் கட்டுகிறார். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று தேடியே பத்து முறை கேட்கலாம். வார்த்தை பாட யாருமில்லாத, 31 சிறு துண்டுகள் கொண்ட அந்த ஆல்பம் 2006 பிப்ரவரி 7 அன்று, அவருடைய 32-ஆவது பிறந்தநாளில் வெளிவந்தது. அரிய இரத்த நோயும் லூபஸும் சேர்ந்து வாட்ட, மூன்று நாள் கழித்து அவர் இறந்தார். அவர் வாசித்த எம்பிசி3000 இப்போது வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொடுத்தவர் அம்மா மொரீன்.