சங்கும் சாவியும்: மலிவு விலைக் கைக்கடிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

முதலாளியம் மனித உடலுக்குப் பூட்டிய விலங்குகளில் ஆகச் சிறியது கைக்கடிகாரம் என்பது நம் தோழர்களிடையே ஏறக்குறைய முடிந்துபோன விஷயம். தொழிற்சாலை, பள்ளிக்கூடம், சிறைச்சாலை, ராணுவம் எனக் கால அட்டவணையைக் கொண்டு உடல்களைப் பழக்கியெடுக்கும் நிறுவனங்களைப் பற்றி ஃபூக்கோ எழுதியதை வாசித்தவர்கள், வாட்ச் கட்டியவனைத் தன்னைத்தானே கண்காணித்துக்கொள்ளும் கைதியாகப் பார்ப்பது இயல்புதான். ஒரு கூட்டத்தில் இதையே விரிவாகப் பேசி முடித்த நண்பர், 'சரி, மணி என்னாச்சு? கடைசி பஸ் போயிரும்' என்று பக்கத்தில் இருந்தவர் கையைத் திருப்பிப் பார்த்தார். அவரைக் கிண்டல் செய்வது என் நோக்கமல்ல. அவர் சொன்னதில் பாதி சரி. அந்தக் கடிகாரம் யாருடையது, எத்தனை பேரால் வாங்க முடிந்தது, அதற்காக எத்தனை நாள் கூலி போயிற்று என்ற கேள்விகள் மட்டும் அவர் பேச்சில் இல்லை. விலையை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பற்றிப் பேசினால் வர்க்கம் தானாகவே கழன்றுவிடுகிறது.

இங்கிலாந்தின் வரலாற்றாசிரியர் இ.பி. தாம்ஸன் 1967இல் 'பாஸ்ட் அண்ட் பிரசன்ட்' இதழில் எழுதிய கட்டுரை இவ்விஷயத்தில் இன்றும் தவிர்க்க முடியாதது. காலமும் வேலை ஒழுங்கும் பற்றியது அது. நம்மவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு பாதிதான்: சூரியனையும் மாட்டையும் பார்த்து வேலை செய்தவன் மணியடிக்கு அடிமையானான் என்ற கதை. அதே கட்டுரையில் வேறொன்றும் இருக்கிறது. தொடக்க காலப் பஞ்சாலைகளில் முதலாளிகள் காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தார்கள், மாலையில் பின்னே இழுத்து வைத்தார்கள். சொந்தக் கடிகாரம் வைத்திருந்த ஒரு தொழிலாளியிடமிருந்து அது பிடுங்கி வைக்கப்பட்டது. மற்றவர்களுக்கு மணி சொன்னான் என்பதுதான் குற்றம். ஆக, நேரத்தைத் திணித்ததோடு அவர்கள் நிற்கவில்லை; அதைத் தங்கள் கையில் மட்டும் வைத்துக்கொண்டார்கள். இந்த இரண்டாவது வேலை நடப்பதற்குத் தொழிலாளியிடம் கடிகாரம் இல்லாமல் இருப்பது அவசியம்.

கோவைப் பக்கம் ஆலையின் சைரனை 'சங்கு' என்பார்கள். 'சங்கு ஊதிருச்சு' என்றால் ஊரே எழுந்துகொள்ளும். மில்லுக்குப் போகாத வீட்டிலும் அடுப்பு மூட்டுவது சங்கை வைத்துத்தான். என் மாமா ஒருவர் ஸ்பின்னிங்கில் இருந்தவர். முதல் போனஸில் வாட்ச் வாங்கியதற்கு அவர் சொன்ன காரணம் இது: 'சங்கு அவங்க ஊதுறது மாப்ளே. அது சரியா ஊதுதான்னு பாக்க நம்ம கையில ஒன்னு வேணும்ல?' தாம்ஸனைப் படித்து வந்த பேச்சல்ல அது.

மலிவு விலைக் கடிகாரத்தின் வரலாறு 1867இல் தொடங்குவதாக வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் பிறந்து, சுவிட்சர்லாந்தின் லா ஷோ-தெ-ஃபோன் ஊரில் தொழில் கற்ற ஜார்ஜ் ஃபிரடெரிக் ரோஸ்கோப் என்பவர் அந்த ஆண்டு இருபது பிராங்க் விலையில் ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். சாதாரணத் தொழிலாளி ஒருவரின் ஒருவாரக் கூலி என்று கணக்கிட்டு வைத்த விலை அது. மக்கள் அதை 'பாட்டாளிக் கடிகாரம்' என்றே அழைத்தார்கள். அன்றைய கடிகாரத்தில் நூற்றைம்பதுக்கு மேல் உறுப்புகள் இருக்கும். ரோஸ்கோப் 57இல் முடித்தார். மாணிக்கக் கல் பதித்த நுட்பமான நெம்புகோலுக்குப் பதில் இரும்பு ஊசி. தங்கம், வெள்ளிக்குப் பதில் மட்டமான உலோகக் கூடு. உள்ளூர்க் கைவினைஞர்கள் அதைச் செய்து தர மறுத்தார்கள். தரம் கெட்டுப்போகும் என்றார்கள். அவர் உதிரி வேலைகளை வெளியூர்களில் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

அதே 1867இல்தான் 'மூலதனம்' முதல் தொகுதி வெளியாயிற்று. அதில் வேலைப்பிரிவினையைப் பற்றிப் பேசுமிடத்தில் மார்க்ஸ் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கடிகாரம்! வில் செய்பவன், முள் செய்பவன், கல் துளைப்பவன், மெருகு போடுபவன் என்று ஒரு முழுக் கடிகாரத்தைத் தன் கையால் செய்யவே முடியாத தொழிலாளிகளின் பட்டியல் ஒரு பத்தி நீளத்துக்குப் போகிறது. லா ஷோ-தெ-ஃபோன் ஊரையே ஒரே பெரிய கடிகாரப் பட்டறையாகக் கருதலாம் என்கிறார். அதாவது ஒருவர் அந்த ஊரின் உழைப்பு துண்டு துண்டாக்கப்பட்டதை எழுதிக்கொண்டிருந்தபோது, இன்னொருவர் அந்தத் துண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கைத் தூக்கியெறிந்துகொண்டிருந்தார். உறுப்பு குறைந்தால் கைகளும் குறையும். கடிகாரம் வாங்கும் தொழிலாளிக்குக் கிடைத்த மலிவு, கடிகாரம் செய்யும் தொழிலாளியின் கைவினையிலிருந்து பிடுங்கப்பட்டது. இந்த முரண் பிற்பாடு ஒருபோதும் தீரவில்லை. மலிவு வாட்சைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும் யாரும் (நானும்தான்) இதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது.

அமெரிக்காவில் 1896இல் இங்கர்சால் கம்பெனி ஒரு டாலருக்குக் கடிகாரம் விற்றது. எந்திர நாகரிகத்தைத் திட்டித் தீர்த்த காந்தியின் இடுப்பில் தொங்கியதும் ஒரு இங்கர்சால்தான் என்பதை இங்கே சும்மா சொல்லிவைக்கிறேன்.

சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது தனிக்கதை. மணிக்கட்டில் கட்டுவது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெண்களின் வழக்கம். ஆண்களுக்கு அது வளையல் போட்டதற்குச் சமம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குள் துப்பாக்கி பிடித்த கை சட்டைப்பைக்குள் போக முடியாததால் ஆண்மையின் இலக்கணம் சற்றுத் திருத்தப்பட்டது. ஆனாலும் அந்தப் பழைய வாசம் முழுக்கப் போகவில்லை. வாட்ச் என்பது கருவி என்று சொல்லிக்கொண்டு அணியக்கூடிய நகை. அதன் நீடித்த கவர்ச்சியை நான் இங்கேதான் தேடுவேன். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த எட்டுத் தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. சட்டையோ பனியனோ போடக் கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. எதை அணியலாம் எதை அணியக் கூடாது என்பதே ஒரு சட்டப் புத்தகமாக இருந்த சமூகத்தில் மணிக்கட்டில் மின்னும் ஒரு பொருள் வெறும் நேரம் காட்டும் பொருளாக மட்டும் இருக்க முடியாது. நகை என்று யாராவது கேட்டால் 'வேலைக்கு வேணும்' என்று சொல்லலாம். கருவி என்று ஒதுக்கினால் முழுக்கைச் சட்டையை ஒரு மடிப்பு ஏற்றிவிட்டுக் கொள்ளலாம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸானதற்கு வாட்ச், மாப்பிள்ளைக்கு வாட்ச் என்று அது நம் சடங்குகளுக்குள் நுழைந்ததும் இந்த இரட்டை வேடத்தால்தான். வரதட்சிணைப் பட்டியலிலும் அது ஏறி உட்கார்ந்துகொண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இந்தப் பொருளைப் பரவலாக்கியது அரசு. 1953இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் நேரு. அதன் மாடல்களில் ஒன்றின் பெயர் 'ஜனதா'. மக்கள். ரோஸ்கோப்பின் ஊசி நெம்புகோல் அல்ல, பதினேழு கல் வைத்த முறையான இயந்திரம். மலிவு என்பதற்காக மட்டமாக இருக்க வேண்டியதில்லை என்று ஒரு அரசு நிறுவனம் செய்து காட்டியதை இன்றைக்கு நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்து மணி அறிய பிரெய்லி வாட்சும் செய்தார்கள். கேட்ட மாடலுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது, பர்மா பஜாரில் கடத்தல் வாட்ச் ஓடியது என்பதெல்லாமும் உண்மை. 'தேசத்தின் டைம் கீப்பர்' என்பது எச்.எம்.டி.யின் விளம்பர வாசகம். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு டைம் கீப்பர் என்றால் யாரென்று தெரியும்: கேட்டில் உட்கார்ந்து பேர் எழுதுகிறவர், ஐந்து நிமிடம் தாமதமானால் அரை நாளை வெட்டுகிறவர். நேருவியத் தேசத்தின் இரண்டு முகமும் அந்த ஒரு வாசகத்தில் இருக்கிறது.

காலையில் பல் தேய்த்ததும் சாவி கொடுப்பது அந்த வாட்சோடு வந்த பழக்கம். மறந்தால் நின்றுவிடும். நிற்கிற கடிகாரத்துக்கு ரிப்பேர்க்காரர் வேண்டும். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கண்ணாடிப் பெட்டியும் ஒற்றைக் கண் லென்சும் வைத்திருந்த அந்த மனிதர்களை நம் எழுத்தில் யாரும் சரியாகக் கவனித்ததில்லை என்பது என் குறை. கடிகாரத்தைத் திறந்து, கழுவி, எண்ணெய் விட்டு, மறுபடி ஓடவைக்கத் தெரிந்தவர்கள். லா ஷோ-தெ-ஃபோனில் துண்டு துண்டாகச் சிதறிய அறிவு இங்கே ஒரு பெட்டிக்குள் முழுசாக உட்கார்ந்திருந்தது.

அதைக் காலி செய்தது குவார்ட்ஸ். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்க்கோ வெளியிட்ட முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் விலை நாலரை லட்சம் யென். ஒரு சின்னக் கார் வாங்கலாம். பதினைந்து வருடத்தில் அதே நுட்பம் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டது. காரணம் எளிது. மின்சாரம் கொடுத்தால் குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிரும். இந்த எண்ணைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கினால் ஒன்று வரும். அந்தப் பாதியாக்கும் வேலையைச் செய்வது ஒரு சில்லு. அதற்குக் கல்லும் வேண்டாம், வில்லைச் சரிபார்க்கும் தேர்ந்த விரல்களும் வேண்டாம். விளைவு விசித்திரமானது. பிளாட்பாரத்தில் சில நூறு ரூபாய்க்கு வாங்குகிற செல் வாட்ச், பல லட்ச ரூபாய் சுவிஸ் இயந்திர வாட்சைவிடச் சரியாக மணி காட்டும். பயன்மதிப்பும் பரிவர்த்தனை மதிப்பும் இவ்வளவு வெட்கமில்லாமல் எதிரெதிர்த் திசையில் நடக்கிற பண்டம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. துல்லியம் ஏழைக்கு வந்ததும் பணக்காரன் துல்லியத்தைக் கைவிட்டு 'பாரம்பரிய'த்தை வாங்கப் போய்விட்டான். சுவிட்சர்லாந்தில் 1970வாக்கில் இத்தொழிலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர். எண்பதுகளின் நடுவில் அது மூன்றில் ஒரு பங்கானது.

இங்கே அந்த மாற்றம் ஒசூர் வழியாக வந்தது. டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், அன்றைய தருமபுரி மாவட்டத்தையும் சுற்றுவட்டாரங்களையும் சேர்ந்த கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பழக்கி வேலைக்கு வைத்தது. வானம் பார்த்த பூமியிலிருந்து நேராக வினாடிகளின் உலகத்துக்கு வந்தவர்கள். இதை ஒழுங்குபடுத்தல் என்றும் எழுதலாம், விடுதலை என்றும் எழுதலாம். ஆட்டுக்கிடையில் இருந்து மாதச் சம்பளத்துக்கு வந்த வீட்டில் போய் முதல் சொல்லை மட்டும் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. பழைய 'ஜனதா'வைச் சேகரிப்போரும் கிளம்பினார்கள். மக்கள் வாட்ச் மக்களிடமிருந்து கழன்ற பிறகு கலைப்பொருளாயிற்று.

1989இல் வந்த கேஸியோ எஃப்-91டபிள்யூ பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கறுப்பு ரெசின் பட்டை, மங்கலான பச்சை விளக்கு, ஒரே செல்லில் ஏழு வருடம். கூலித் தொழிலாளியிலிருந்து கல்லூரி மாணவன் வரை உலகம் முழுக்கக் கட்டுகிற வாட்ச். 2011 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட குவாண்டநாமோ கோப்புகளில் இந்த வாட்சை வைத்திருப்பது அல்-காய்தாவின் அடையாளம் என்று எழுதியிருந்தது. ஆப்கானிஸ்தான் முகாம்களில் வெடிகுண்டுப் பயிற்சி பெற்றவர்களுக்கு இது தரப்பட்டதாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட கைதிகளின் கோப்புகளில் கேஸியோ வருகிறது. அங்கிருந்த ராணுவ மதகுருமார்கள் கையிலும் இதே வாட்ச்தானே என்று விசாரணையில் ஒரு கைதி கேட்டார். குறிப்பான் என்பது குறிப்பீட்டோடு இயற்கையான உறவு கொண்டதல்ல என்று நாம் வகுப்பெடுக்கிறோம். அந்தக் கைதிக்கு அதை யாரும் வகுப்பெடுத்திருக்க மாட்டார்கள். எல்லோராலும் வாங்க முடிகிற ஒரு பொருள் யாரையும் சுட்டாது. மலிவான வாட்சைக் கட்டிய குறிப்பிட்ட மதத்துக்காரனின் மணிக்கட்டில் மட்டும் அது சுட்ட ஆரம்பிக்கிறது.

செல்போன் வந்தபின் எதற்கு வாட்ச் என்று கேட்கிறார்கள். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிற ஆலைகளில் வேலை செய்யும் பெண்களிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் ஒரு செயலி கட்டாயமாக்கப்பட்டது. காலையும் பிற்பகலும் நேரமும் இடமும் பதிந்த இரண்டு புகைப்படங்கள் ஏறினால்தான் வருகை என்றானது. சிக்னல் இல்லாத ஊரில் படம் ஏறவில்லை என்றால் வெட்டிய மண் வெட்டியதாகவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடிய நூறாவது ஆண்டு நாளில், 2023 மே 1 அன்று, அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. எட்டா பன்னிரண்டா என்ற சண்டையில் எண்ணுகிறவன் யார் என்பது சின்ன விஷயமல்ல.

நீட் தேர்வெழுதப் போகும் பிள்ளைகள் வாசலில் கம்மல், முழுக்கைச் சட்டை, ஷூவோடு வாட்சையும் கழற்ற வேண்டும் என்பது விதி. உள்ளே சுவரில் கடிகாரம் மாட்டியிருக்கும். அதைத்தான் நம்ப வேண்டும்.