தீவின் சீமெந்துக்குள் கடதாசி ஆலைக் கழிவு

நெடுந்தீவில் மேல்தட்டுக்குக் கொங்கிறீற் போடுகிறவருக்குச் சீமெந்தைவிடத் தண்ணீர்தான் பெரிய கவலை. சீமெந்து, கம்பி, கல் எல்லாம் குறிகட்டுவானில் ஏறிக் கடல் கடந்து வந்துவிடும். கூலி கூடும், அவ்வளவுதான். தண்ணீர் அப்படி வராது. கோடை முற்றினால் தீவின் கிணறுகள் பல உவர்த்துவிடும். உவர்த்தண்ணீரில் குழைத்த கலவையில் இருக்கும் உப்பு கம்பியை அரிக்கும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் மேலே மூடியிருக்கும் கொங்கிறீற்றைப் பிளக்கும். ஊர்காவற்றுறை, புங்குடுதீவுப் பக்கம் கடலைப் பார்த்து நிற்கும் பழைய தூண்களில் முதலில் ஒரு கபிலக் கோடு தெரியும். பிறகு வெடிப்பு. பிறகு பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும்.

நல்ல தண்ணீர் கிடைத்தாலும் சிக்கல் முடிந்துவிடாது. சீமெந்து இறுகுவதற்கு உண்மையில் தேவைப்படும் தண்ணீர் அதன் எடையில் கால்வாசி அளவுதான். அந்த அளவோடு நிறுத்தினால் கலவை மண்வெட்டிக்கு மசியாது, கம்பிகளுக்கு இடையே இறங்காது. அதனால் மேசன்மார் இன்னும் ஒரு வாளி ஊற்றுகிறார்கள். அந்த உபரித் தண்ணீர் பின்னர் உலர்ந்து போகும்போது நுண்துளைகளை விட்டுவிட்டுப் போகிறது. கடற்காற்றின் உப்பு உள்ளே போக அந்தத் துளைகளே வழி.

வாளியைக் குறைத்துக்கொண்டே கலவையை இளக்குவதற்கு ஒரு பொருள் உண்டு. கானில் வரும் கடுங்கபிலத் திரவம். இப்போது சந்தையில் இதற்குப் பல வகைகள் இருக்கின்றன. விலையுயர்ந்தவை பெற்றோலிய இரசாயனங்களிலிருந்து வருபவை. மலிவானதும் 1930களிலிருந்தே புழக்கத்தில் இருப்பதும் லிக்னோசல்பனேற். மரத்தை அவித்துக் கடதாசிக் கூழ் எடுத்தபின் மிஞ்சும் சாற்றிலிருந்து அது வருகிறது.

அளவு அதிகம் வேண்டாம். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு 100 கிராம் அளவு போதும். ஒரு பைக்கு 25 லீற்றர் தண்ணீர் கேட்கும் கலவை, இதைச் சேர்த்தால் 5 முதல் 10 வீதம் வரை குறைந்த தண்ணீரிலேயே அதே இளக்கத்தைத் தரும். பைக்கு இரண்டு லீற்றர் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பை போகும் மேல்தட்டுக்கு 200 லீற்றர். ஒரு பரல் நிறைய. கலவை இயந்திரத்துக்குள் வறண்டு உருண்டைகளாகச் சுழலும் கலவையில் இதை ஊற்றிய ஓரிரு நிமிடத்தில் உருண்டைகள் உடையும். மேற்பரப்பில் ஈரப் பளபளப்பு ஏறும். அதுவரை ஒட்டிக்கொண்டு நின்ற கலவை தகட்டிலிருந்து தானாக வழியத் தொடங்கும். இத்தனைக்கும் மேலதிகமாகத் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். சீமெந்துத் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக் கட்டியாகி, நடுவே தண்ணீரைச் சிறைவைத்திருந்தன. லிக்னோசல்பனேற் ஒவ்வொரு துகளின் மேலும் படிந்து எதிர்மின்னேற்றம் கொடுக்கிறது, துகள்கள் விலகுகின்றன, சிறைப்பட்ட தண்ணீர் வெளியே வருகிறது.

சரி, லிக்னோசல்பனேற்றின் பெயரில் இருக்கும் லிக்னின் என்பது என்ன? மரமும் ஒரு வகையில் கம்பி போட்ட கொங்கிறீற்றுத்தான். செலுலோஸ் இழைகள் கம்பி; அவற்றைச் சுற்றி இறுகி நிற்கும் கலவை லிக்னின். மரத்தின் எடையில் 20 முதல் 30 வீதம் வரை அதுவே. தீவுக்காரருக்கு இதைக் காட்ட வெளிநாட்டு மரம் தேவையில்லை. முதிர்ந்த பனையை வெட்டினால் வெளிப்புறம் கறுத்து வைரம் பாய்ந்திருக்கும். நடுவே மெதுமெதுவென்ற சோற்றி. வைரம் இருக்கும் இடத்தில் இழைகள் நெருங்கி, லிக்னின் ஏறி இறுகியிருக்கும். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பனைமரம் கப்பலேறிப் போனது இந்த வைரத்துக்காகத்தான். தென்னந்தும்பில் லிக்னின் இன்னும் அதிகம், 40 வீதத்தை எட்டும். மட்டையை மாதக்கணக்கில் சேற்றுநீரில் ஊறப்போட்டாலும் மெதுவான சதைப்பகுதி அழுகுமே தவிர லிக்னின் அசையாது. தும்புக் கயிறு கடல்நீரில் கிடந்து உழைப்பதன் இரகசியம் அதில் இருக்கிறது.

கடதாசி செய்பவருக்கு இதே உறுதி தலைவலி. வெள்ளைக் கடதாசிக்கு வேண்டியது செலுலோஸ் மட்டுமே. லிக்னின் மிஞ்சினால் கடதாசி பழுத்து மஞ்சளாகும். (பழைய செய்தித்தாள் வெயிலில் மஞ்சளிப்பது அதனால்தான்.) லிக்னினைக் கரைத்து வெளியேற்ற இரண்டு பெரிய வழிகள் 19ஆம் நூற்றாண்டில் வந்தன. கந்தச அமில உப்புகளில் அவிக்கும் சல்பைற் முறைக்கு அமெரிக்கரான பெஞ்சமின் டில்மன் 1867இல் காப்புரிமை பெற்றார். எரிசோடாவும் சோடியம் சல்பைட்டும் கொண்டு அவிக்கும் கிராப்ற் முறையை ஜேர்மனியில் கார்ல் டால் 1879இல் கொண்டுவந்தார். இரண்டிலும் லிக்னின் கரைகிறது என்றாலும் கரையும் விதம் வேறு. சல்பைற் முறையில் லிக்னினோடு கந்தகக் கூட்டங்கள் ஒட்டிக்கொள்வதால், அது எந்தத் தண்ணீரிலும் கரையும் லிக்னோசல்பனேற் ஆகிறது. கிராப்ற் முறையில் அது காரம் இருக்கும்வரை மட்டுமே கரைந்திருக்கும். காரத்தை எடுத்தால் படிந்துவிடும். கானில் அடைத்து விற்கத் தோதானது முதலாவது. உலகத்துக் கூழில் பெரும்பகுதி வருவதோ இரண்டாவது முறையில்.

நம்முடைய கட்டடக்காரர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. பாதி உண்மையும் அதில் உண்டு. சுண்ணாம்புச் சாந்தில் பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய் ஊறிய நீரும் கலப்பது தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அறிந்த முறை. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் லிக்னினைப் போலவே பீனோல் குடும்பத்தைச் சேர்ந்தது. பனங்கட்டியின் சீனி சாந்து இறுகுவதைத் தாமதப்படுத்தும். சுத்திகரிக்காத லிக்னோசல்பனேற்றிலும் மரச்சீனி கலந்திருப்பதால் அதுவும் இறுகலைத் தாமதப்படுத்துகிறது. யாழ்ப்பாண வெயிலில் இது நன்மை: படகிலிருந்து இறக்கி, கலந்து, மேலே ஏற்றி முடிக்கும்வரை கலவை கையில் நிற்கும். அளவு மிஞ்சினால் மறுநாள் காலையிலும் தட்டு இறுகாமல் கிடக்கும். மூடிக்கணக்கில் கண்மட்டத்துக்கு ஊற்றும் பழக்கம் இங்கே உதவாது, நிறுத்துத்தான் போடவேண்டும்.

கட்டடத்துக்கு வெளியே இதே சாறு போன இடங்கள் சுவாரசியமானவை. வனிலா வாசம் தரும் வனிலின் மூலக்கூறை லிக்னினின் ஒரு துண்டு என்றே சொல்லலாம். கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் தோரல்ட் என்ற சிறு நகரில் இருந்த கடதாசி ஆலை, 1981இல் உலகச் செயற்கை வனிலின் சந்தையில் 60 வீதத்தைத் தனியே நிரப்பியது. ஸ்காபரோவில் இருக்கும் நம் தீவுக்காரர்களுக்கு அது ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். அந்த வழியில் நயாகராவுக்குப் போகாதவர் குறைவு. ஆனால் ஒரு கிலோ வனிலினுக்கு நூறு கிலோவுக்கு மேல் காரக் கழிவு சேர்ந்தது. கழிவைக் காசாக்கப் பிறந்த தொழில் அதைவிடப் பெரிய கழிவைப் பெற்றெடுத்தது. 1987இல் ஆலை வனிலினைக் கைவிட்டது. இன்று மரத்திலிருந்து வனிலின் எடுப்பது நோர்வேயின் சார்ப்ஸ்போர்க் நகரில் இருக்கும் பொரேகார்ட் நிறுவனம் மட்டுமே. அது 1962இலிருந்து செய்துவருகிறது. காரைநகர்ச் சீநோர் படகுத் தொழிற்சாலைக்கு 1960களின் பிற்பகுதியில் கைகொடுத்த அதே நோர்வேதான். நல்லூர்ப் பக்கத்து ஐஸ்கிறீமில் இருக்கும் வனிலா வாசம் பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்து வருவது. மரத்துக்குச் சிறு பங்கு, வனிலாக் காய்க்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை.

பற்றறிக் கதை இன்னும் நல்லது. ஈய அமிலப் பற்றறிகளின் தகடுகளுக்கு நடுவே ஆரம்பத்தில் மெல்லிய மரப்பலகைகளை வைத்தார்கள். அவற்றை நீக்கி ரப்பர் தடுப்புகளை வைத்ததும், குளிர்காலத்தில் பற்றறிகள் சீக்கிரம் தளர்ந்தன. தடுப்பு நன்றாகத்தான் இருந்தது. மரத்திலிருந்து அமிலத்துக்குள் கசிந்துகொண்டிருந்த லிக்னின்தான் எதிர்த்தகட்டு ஈயம் கட்டியாகி அடைபடாமல் காத்துவந்தது என்பது பிறகே புரிந்தது. அன்றிலிருந்து எதிர்த்தகட்டுப் பசையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவாக லிக்னோசல்பனேற்றைத் தெரிந்தே சேர்க்கிறார்கள். முச்சக்கரவண்டிப் பற்றறியிலும் வீட்டுச் சூரிய மின்கலத்தோடு இணைத்த ஈயப் பற்றறியிலும் அது இருக்கிறது. கோழித்தீன் குருணையை உதிராமல் பிடிப்பதற்கும், துணிச்சாயத்தைத் தண்ணீரில் பரப்புவதற்கும், எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றை இளக்குவதற்கும் அதே பொருளைத்தான் வாங்குகிறார்கள்.

புழுதி வீதிகளில் தெளிப்பதும் ஒரு பயன். நெடுந்தீவின் செப்பனிடாத பாதைகளுக்கு இது சரிவருமா என்று கேட்பார்கள். வராது. தண்ணீரில் கரையும் பொருள் ஐப்பசி மழைக்கு நிற்காது.

இலங்கையில் கடதாசி ஆலைக் கழிவிலிருந்து லிக்னினை எடுக்க முடியாமற் போனதா? இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஜி. ஜி. பொன்னம்பலம் 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக இருந்தார். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி என்று தமிழர் இன்றும் ஒரே மூச்சில் சொல்லும் மூன்று தொழிற்சாலைகளும் அவரது பெயரோடு சேர்ந்தவை. ஒன்று லிக்னினைக் கேட்கும் சீமெந்து. ஒன்று லிக்னினைக் கரைக்கும் எரிசோடா. ஒன்று லிக்னின் வழிந்தோடும் கூழ். 1950களின் பிற்பகுதியில் மூன்றும் இயங்கின. ஆனாலும் வாழைச்சேனைச் சாறு காங்கேசன்துறைச் சீமெந்தைச் சந்திக்கவில்லை.

காரணம் அசட்டை மட்டுமல்ல. வாழைச்சேனை அவித்தது மரத்தை அல்ல, கிழக்கின் வயல்களில் கிடைத்த வைக்கோலை. வைக்கோலில் லிக்னின் மரத்தின் பாதியளவுதான், சிலிக்காவோ தாராளம். எரிசோடாவில் சிலிக்காவும் கரைந்து கறுப்புச் சாற்றைப் பசையாக்கும்; சாற்றை வற்றவைக்கும் குழாய்களில் கண்ணாடியாகப் படியும். எரித்து எரிசோடாவை மீட்கவும் முடியாது, லிக்னினைச் சுத்தமாகப் பிரிக்கவும் முடியாது. அடுத்து 1970களில் வந்த எம்பிலிப்பிட்டி ஆலையின் கறுப்புக் கழிவு வளவை கங்கைக்குள் போய் நெடுநாள் முறைப்பாடாக இருந்தது. இது இலங்கையின் தனித் துயரமும் அல்ல. ஹுவாய் ஆற்றுப் படுகையில் இதே வைக்கோல் சாற்றைக் கொட்டிய நூற்றுக்கணக்கான சிறு கடதாசி ஆலைகளை 1996இல் சீனா மூடியது. காங்கேசன்துறை ஆலை 1990இல் போரோடு நின்றது. பரந்தனும் போரில் போனது.

மரக்கூழ் ஆலைகள் உள்ள நாடுகளிலும் லிக்னினின் பெரும்பங்கு கானுக்குள் போவதில்லை. அடுப்புக்குள் போகிறது. ஒரு தொன் கிராப்ற் கூழுக்கு ஏறத்தாழ அரைத் தொன் லிக்னின் கரைகிறது. ஆலை அதை வற்றவைத்து எரித்து நீராவி, மின்சாரம், போட்ட இரசாயனம் எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறது. கரூருக்குப் பக்கத்தில் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை அவிக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும் கறுப்புச் சாற்றை எரித்தே நீராவி எடுக்கிறது. இதை வீண் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எரிக்காவிட்டால் அந்த ஆலை நிலக்கரி வாங்கவேண்டும். எரிப்பதைவிட அதிக விலை தருகிறவர் வந்தால் மட்டுமே லிக்னின் அடுப்பிலிருந்து தப்பும்.

அப்படித் தப்பவைக்கச் சுவீடனில் ஒரு முறை வந்தது. கறுப்புச் சாற்றில் காபனீரொட்சைட்டைச் செலுத்திக் காரத்தைக் குறைத்தால் லிக்னின் படியும். அதை வடித்துக் கழுவி உலர்த்துகிறார்கள். லிக்னோபூஸ்ற் என்ற இந்த முறையின் முதல் வணிக ஆலை 2013இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் இயங்கத் தொடங்கியது. பின்லாந்தில் ஸ்ரோரா என்சோ நிறுவனம் 2015இல் ஆண்டுக்கு 50,000 தொன் கொள்ளளவோடு தொடங்கியது. லிக்னினைக் கரியாக்கிப் பற்றறி எதிர்முனை செய்ய 2022இல் நோர்த்வோல்ட் நிறுவனத்தோடு அது கைகோத்தது. நோர்த்வோல்ட் 2025இல் வங்குரோத்தானது.

இந்தக் கரிக்குத் தீவுகளிலும் ஒருநாள் வேலை இருக்கலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமான கலப்பு மின்திட்டத்தில் சூரிய ஒளி 1,700 கிலோவாற், காற்று 530 கிலோவாற், பற்றறிச் சேமிப்பு 2,400 கிலோவாற் மணி. இத்தகைய சேமிப்பு இன்று பெரும்பாலும் லித்தியத்தில் நடக்கிறது. சோடியம் பற்றறிகள் மலிவாகி வந்தால் அவற்றின் எதிர்முனைக்கு வேண்டிய கடினக்கரியை லிக்னினிலிருந்து எடுக்கலாம் என்பதே ஆய்வாளரின் கணக்கு.

வடக்கில் கூழ் ஆலை வைப்பது பற்றி யாரும் கனவு காணவேண்டியதில்லை. மரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. லிக்னினைக் கரைத்துப் பிரிக்காமலே பயன்படுத்தும் வழி ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் தேங்காய் மட்டையை முழுதாக அரைத்து, எந்தப் பசையும் சேர்க்காமல், 180 பாகைக்குக் கிட்டவும் மேலேயும் சூடாக்கி அழுத்தினார்கள். மட்டைச் சோற்றின் லிக்னின் அந்தச் சூட்டில் இளகி, தும்பைப் பிடித்து, ஆறியதும் அடர்ந்த பலகையானது. இதற்கு எரிசோடா வேண்டாம், ஆற்றில் விட ஒன்றும் மிஞ்சாது. வேண்டியது அரைக்கும் இயந்திரம், சூட்டு அழுத்தி, தடையில்லா மின்சாரம், தினமும் வந்து சேரும் மட்டை. தீவுகள் பனையின் இடம், மட்டை அங்கே போதாது. பளைத் தென்னந்தோப்புகளில் மட்டையும் உண்டு, பெருங்கம்பி மின்சாரமும் உண்டு. யாராவது கணக்குப் போட்டுப் பார்ப்பதானால் அங்கிருந்து தொடங்கலாம்.