மணி அடித்ததும் எழும் கன்னியர்

பாஞ்சாலங்குறிச்சி மக்களுக்கு இடிந்த கோட்டையின் கதை புதிதன்று. 1799-இல் வீழ்ந்த கட்டபொம்மனின் கோட்டையை 1801-இல் ஊமைத்துரை மீண்டும் எழுப்பினார், அதுவும் தகர்க்கப்பட்டது. இன்று நாம் காண்பது 1974-இல் அரசு அமைத்த நினைவுக் கோட்டை. இத்தாலியின் மோந்தே கசினோ மலைமீது புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் நிறுவிய மடத்தின் வரலாறும் இத்தகையதே. பலமுறை அழிந்து, 1944 பெப்ருவரியில் குண்டுவீச்சில் நொறுங்கிய அதனை மீண்டும் கட்டினார்கள். 1964 அக்டோபரில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அதனை அர்ச்சித்தார்.

கற்சுவர்கள் வீழ்ந்தாலும் அவர் எழுதிய ஒழுங்கு நூல் வீழவில்லை. 73 சிறு அதிகாரங்கள் கொண்ட அந்நூலின்படியே இன்றும் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியரின் நாள் நடக்கின்றது.

விடியுமுன்னே மணி ஒலிக்கிறது. உறக்கம் கலையாத கண்களோடு கோவிலில் கூடிச் சங்கீதங்களைப் பாடத் தொடங்குகின்றனர். பொழுது புலர்கையில் புகழ்ச் செபம், திருப்பலி, பகல்வேளைச் செபங்கள், மாலைச் செபம், உறங்கப்போகுமுன் இரவுச் செபம் என்று நாள் நெடுகச் செபம் தொடர்கிறது. 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்திற்குள் பாடி முடிக்கவேண்டுமென்பது ஆசீர்வாதப்பர் வகுத்த முறை. இரவுச் செபத்திற்குப்பின் மடம் முழுவதும் பேச்சின்றி அடங்கிவிடும்.

இடைப்பட்ட நேரமெல்லாம் வேலையும் மறைநூல் வாசிப்பும். சமையற்கட்டுப் பணி வாரமுறைப்படி மாறிவரும். உணவு வேளையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் மௌனமாய்க் கேட்பர். மடத்தின் பாத்திர பண்டங்களைப் பீடத்தின் திருப்பாத்திரங்களாகவே கருதவேண்டும் என்கிறது ஒழுங்கு நூல். வெண்கலப் பானை துலக்கும் நம் தாய்மார் இவ்வதிகாரத்தைக் கேட்டால் மகிழ்வர்!

கன்னியர் என்றதும் நமக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நினைவுக்கு வருகின்றன. ஆகவே, "நாள்தோறும் சங்கீதம் பாடிக்கொண்டிருப்பவர்களால் யாருக்கு என்ன பயன்?" எனப் பலர் வினவுகின்றனர். நியாயமான கேள்விதான். இரவெல்லாம் கடலில் வலை வீசுபவனுக்கும், உப்பளத்தில் கால் வெந்து நிற்பவளுக்கும் செபிக்க நேரம் வாய்ப்பதில்லை. அவர்கள் பெயரால் ஒருவர் கோவிலில் நின்று பாடுவதை வீண் என்று எவ்வாறு சொல்வது? அழுகையும் கோபமும் நன்றியும் சங்கீதங்களில் உண்டு. அவை ஊர் முழுவதற்குமான செபம்.

இவ்வாழ்வை நம் நாட்டு மரபில் காண விரும்புவோர் குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையிலுள்ள சாந்திவனத்திற்குச் செல்லலாம். 1950-இல் மொன்ஷானின் அடிகளும், ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான அபிஷிக்தானந்தரும் அதனைத் தொடங்கினர். 1968 முதல் 1993-இல் மரிக்கும்வரை பீட் கிரிபித்ஸ் அடிகள் அங்கு வாழ்ந்தார். நாளுக்கு மும்முறை பொதுச் செபம், தமிழ்ப் பசனைகள், ஆரத்தி, காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. அருகிலேயே ஆனந்த ஆசிரமம் என்னும் பெண்துறவியர் இல்லமும் உண்டு. இவை பிற சமய வழக்கங்கள் அல்லவா என்று கலங்கியவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஆயினும், திருவழிபாட்டில் ஆரத்தி போன்ற இந்திய முறைகளுக்கு உரோமை 1969-லேயே இசைவளித்துவிட்டது. திருநீற்றுப் புதனன்று நாமும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறோமே!

மகளை இத்தகைய மடத்திற்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் உண்டு. பாசத்தை அறுத்துவிடுவார்களோ என்பதே அவர்கள் அச்சம். ஆசீர்வாதப்பரின் தங்கை ஸ்கொலாஸ்டிக்கம்மாளும் துறவியே. ஆண்டுக்கொருமுறை அண்ணனைச் சந்திப்பார். கடைசிச் சந்திப்பில், "இன்றிரவு தங்குங்கள், அண்ணா" என்று கெஞ்சினார். ஒழுங்கை மீறலாகாது என அண்ணன் மறுத்தார். தங்கை தலைகுனிந்து செபிக்கவே, பெருமழை கொட்டி அவரைப் போகவிடாமல் தடுத்தது. மூன்றாம் நாள் தங்கை மரித்தார். அன்பு மிகுந்தவரின் மன்றாட்டே வென்றது என்று இதை எழுதிவைத்தவர் பெரிய கிரகோரியார்.

மடத்தின் கதவும் எளிதில் திறப்பதில்லை. வருபவர் நாலைந்து நாட்கள் வாயிலில் பொறுமையாய்த் தட்டிக் காத்திருக்கவேண்டுமென்கிறது ஒழுங்கு நூல். அனுமதித்தபின் ஓராண்டுப் பயிற்சி. அவ்வாண்டில் மும்முறை ஒழுங்கு முழுவதையும் வாசித்துக் காட்டுவர்; ஏற்க இயலாதென்று கண்டால் அவர் தடையின்றி வீடு திரும்பலாம்.