மணி அடித்ததும் எழுந்து ஓடுபவர்

"நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா?" என்று நம் முன்னோர் கேட்டனர். வாய் வேகாதுதான். ஆயினும் அவ்வொரு சொல் காதில் விழுந்த மாத்திரத்தே, பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து ஓடவேண்டிய மனிதர் சிலர் நம் நகரங்களில் வாழ்கின்றனர். தீபாவளி, வருடப்பிறப்பு முதலிய பண்டிகை நாட்களிலே நாம் வீட்டில் மகிழ்ந்திருக்க, வாணவெடிகளின் காரணமாக அவர்களுக்கு வேலை மிகுந்துவிடுகின்றது. அவர்தம் பிள்ளைகள் தந்தையின்றியே பண்டிகை கொண்டாடப் பழகிவிடுகின்றனர்.

கொழும்பு மாநகர சபையின் தீயணைப்புச் சேவைக்கு மருதானையை அடுத்த ரீ. பி. ஜாயா மாவத்தையிலே தலைமை நிலையம் உண்டு. 110 என்னும் இலக்கத்தைச் சுழற்றினால் - இன்று சுழற்றுவதேது, அழுத்தினால் - மறுமுனையிலிருந்து வரும் முதற் கேள்வி, "எந்த இடம்?" என்பதே. பதற்றத்திலே, "கோயிலடிதான், ஓடி வாருங்கள்!" என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட்டால் அவர்கள் எங்கே செல்வர்? கொழும்பிலே எத்தனை கோயில்கள்! வீட்டிலக்கம், வீதியின் பெயர், அருகேயுள்ள அடையாளம், உள்ளே எவரேனும் அகப்பட்டுள்ளனரா என்பவற்றைச் சொல்லி, மறுமுனையில் இருப்பவர் போதும் என்னும்வரை காத்திருத்தல் வேண்டும். இதனைப் பாடசாலைப் பிள்ளைகள் கவிதை மனனம் செய்வதுபோல் மனனம் செய்துகொள்ளலாம். விளையாட்டாகப் பொய் அழைப்பு விடுக்கும் பேர்வழிகளைப்பற்றி எழுதவே மனம் கூசுகின்றது. வண்டி அங்கே வீணாய் ஓடும் நேரத்தில், வேறோரிடத்தில் ஒரு குழந்தை புகையினுள் மூச்சுத் திணறக்கூடும்.

புகை என்றேன். தீவிபத்திலே மாண்டவர் யாவரும் வெந்து மாண்டனர் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அவருட் பெரும்பாலோரைக் கொல்வது சுவாலையன்று, புகையே. எரியும் பொருளிலிருந்து எழும் காபன் மொனொக்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாய்ப் பற்றிக்கொள்ளும். உறங்குபவர் உறக்கத்திலேயே மயங்கிவிடுவர். ஆகவேதான் தீயணைப்பு வீரர் முதுகிலே காற்றுக் கலத்தைச் சுமந்து, முகமூடி அணிந்து உள்ளே புகுகின்றார். தடித்த உடுப்பு, தலைக்கவசம், காலணி, கலம் யாவும் சேர்ந்து இருபது கிலோவுக்குக் குறையாது. நம் நாட்டு வெயிலிலே அச்சுமையோடு மாடிப்படி ஏறுவதை எண்ணிப்பாருங்கள். கலத்திலுள்ள காற்றோ ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கே போதுமானது. கடுமையாக உழைத்து வேகமாய் மூச்சு வாங்கினால் அதற்கு முன்னரே தீர்ந்துவிடும். தீருமுன் ஒரு சீழ்க்கையொலி எழும். அது கேட்டதும், இன்னுமோர் அறை தேடப்படாதிருப்பினும் வெளியே வந்தாக வேண்டும். அத்தொழிலிலே இதனினும் கொடிய கணம் வேறிருக்குமென நான் நினைக்கவில்லை.

வீட்டினரும் ஒன்றை அறிந்திருத்தல் நலம். புகை சூடானது; ஆதலால் மேலேழும். தரையோரத்திலேதான் சுவாசிக்கத் தக்க காற்று சிறிது எஞ்சியிருக்கும். நிமிர்ந்து ஓடாமல் தவழ்ந்து வெளியேறுக.

இனி வழியிலுள்ள இடர். புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களையும் செட்டியார் தெருவையும் அறிந்தவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. துணிக்கடையை ஒட்டிப் பிளாஸ்டிக் கடை, மேலே களஞ்சியம், தலைக்கு மேல் சிலந்தி வலைபோல் மின்கம்பிகள், இருமருங்கும் நிறுத்திய வாகனங்கள். பெரிய நீர்வண்டி அதனூடே நுழைவது எங்ஙனம்? போதாக்குறைக்கு வேடிக்கை பார்ப்போர் கூட்டம். முன்னாளிலே அவர்கள் வாளியேனும் தூக்கினர். இந்நாளிலோ கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கின்றனர். குழாயை மிதித்துக்கொண்டு நின்றபடியே, "ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று கேட்பவரும் உளர்!

நெருப்பின் குணமும் மாறிவிட்டது. கிடுகுக் கூரையும் மரமும் எரிந்த காலத்தில் நீரே போதிய மருந்தாயிற்று. 2021 மே மாதம் 20ஆந் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலே தீ மூண்டபோது, அதிலிருந்த 1,486 கொள்கலன்களுள் நைத்திரிக்கமிலம் மாத்திரம் 25 தொன் இருந்தது. நாட்கணக்கில் எரிந்த கப்பல் யூன் மாதத் தொடக்கத்திலே கடலில் அமிழ்ந்தது. கோட்டையிலுள்ள மத்திய வங்கியின்முன் 1996 ஜனவரி 31இல் குண்டு வெடித்து, 90க்கு மேற்பட்டோர் மாண்டு, சூழவிருந்த உயர்ந்த கட்டடங்கள் பற்றியெரிந்த நாளைக் கொழும்புவாசிகள் மறக்கமாட்டார்கள்.

ஆனால் நாள்தோறும் அழைப்பு வருவது இவற்றுக்கன்று, குசினிக்கே. தாச்சியிலே எண்ணெய் பற்றிக்கொண்டால், இல்லத்தரசியின் கை முதலில் நாடுவது தண்ணீர்க் குடத்தையே. அதுவே பெருந்தீங்கு. எண்ணெயின் கீழே சென்ற நீர் நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை முகட்டுவரை தூக்கியெறியும். அடுப்பை அணைத்துத் தாச்சியைப் பொருந்திய மூடியால் மூடிவிட்டால், காற்றின்றித் தீ தானே மாளும். சமையல் எரிவாயுவோ காற்றிலும் பாரமானது. கசிந்தால் தரையோரமாகப் பரவித் தேங்கி நிற்கும். அவ்வேளை விளக்குச் சுவிச்சைத் தொடாது, கதவு யன்னல்களைத் திறந்து வெளியேறல் வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதியிலே நாடெங்கும் சமையலறைகளில் வெடிப்புகள் நிகழ்ந்தபோது, வாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டமை காரணமென ஆராய்ந்த குழுவினர் கூறினர்.

மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கின் கொடுமையை நம் கிராமங்கள் நன்கறியும். கவிழ்ந்த விளக்கால் வெந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர, எளிதிற் கவிழாததும், கவிழ்ந்தாலும் உருளாததுமான குட்டையான கண்ணாடி விளக்கொன்றை அமைத்தார். அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. தீயணைப்பு நிலையத்தின் மணி ஒலிக்காதபடி செய்த அம்மருத்துவரையும் ஒரு தீயணைப்பு வீரரென்றே சொல்ல எனக்கு ஆசை.

வீரரின் இல்லத்தார்க்கோ வேறொரு கவலை. தீயிலிருந்து மீண்டவர் முற்றாக மீண்டுவிட்டார் என்று சொல்வதற்கில்லை. 2022இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தீயணைப்புத் தொழிலையே மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கும் தொழிலென வகுத்தது. கரி படிந்த சீருடையை வீட்டுக்குக் கொணராதிருத்தலும், குழந்தைகளின் துணிகளோடு சேர்த்துத் துவையாதிருத்தலும் அதனால் அவசியமாயின. நல்ல முகமூடியும் மாற்றுடுப்பும் ஊதியத்தைப்போலவே அவருக்கு உரியவை. அவற்றை வாங்குவதிலே சிக்கனம் காட்டுவது எந்தச் சபைக்கும் அழகன்று.

தீ அணைந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அவருக்கோ வேலை முடிவதில்லை. சாம்பலைக் கிளறி உள்ளே கனலும் பொறிகளைத் தேடி அணைக்க வேண்டும். நிலையம் திரும்பியதும் குழாய்களைக் கழுவி, உலரத் தொங்கவிட்டு, வேறு குழாய்களைச் சுருட்டி வண்டியில் ஏற்றி, நீர்த்தொட்டியை நிரப்பி, காற்றுக் கலங்களை மாற்றி வைக்க வேண்டும். அடுத்த மணி எப்போது ஒலிக்குமோ தெரியாது. அத்தனையும் முடிந்த பின்னரே, ஆறிப்போன தேநீரைக் கையில் எடுக்கின்றார்.