பண்ணைக் குட்டைக்குக் கல் காப்பு

மானாவாரி நிலத்தில் வெட்டிய பண்ணைக் குட்டை சில பருவங்களிலேயே தூர்ந்துவிடுவது உண்டு. ஓடை நீர் வேகமாக வந்து விழும் இடத்தில் கரை அரிக்கப்பட்டு, அந்த மண் குட்டைக்குள் சேருவதும் இதற்கு ஒரு காரணம். நிலத்தில் கிடக்கும் கற்களைக் கொண்டே இதைப் பெருமளவு தடுக்கலாம்.

குட்டையின் உட்கரையை 1 அடி உயரத்திற்கு ஒன்றரை அடி வீதம் சரிவாக அமைக்க வேண்டும். நீர் நுழையும் வாயிலும், மிகுநீர் வெளியேறும் வாயிலும் முதலில் சரளை பரப்பி, அதன் மேல் கல் பாவ வேண்டும். சரளை இல்லாவிட்டால் இடுக்குகளின் வழியே மண் கரைந்து கற்கள் சரிந்துவிடும். உருண்டைக் கற்களைவிட உடைகற்கள் ஒன்றையொன்று நன்கு பிடித்து நிற்கும்.

குட்டைக்கு மேலே சிறு ஓடையில் 2 அல்லது 3 அடி உயரத்திற்குக் கல் தடுப்பு அமைப்பது நல்லது. பொது ஓடையானால் முன்அனுமதி பெற வேண்டும். 1 அடி ஆழம் தோண்டி அடிக்கல் இட்டு, இரு முனைகளையும் கரைக்குள் செலுத்த வேண்டும். பெரிய கற்களை வெளிப்புறமும் சிறியவற்றை நடுவிலும் அடுக்க வேண்டும். தடுப்பின் மையப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருப்பது அவசியம். இல்லையேல் வெள்ளம் கரையை அறுத்துப் பக்கவாட்டில் பாயும். நீர் விழும் கீழ்ப்புறத்திலும் கல் பரப்ப வேண்டும். ஓடைப் படுகையிலிருந்து கல் பெயர்த்தெடுத்தால் அங்கே அரிப்பு மிகும்.

இவ்வேலைகளைப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் ஐப்பசி மழைக்குக் கரை தாங்கும். பெருமழைக்குப் பின் சரிந்த கற்களைத் திரும்ப அடுக்க வேண்டும். தடுப்பில் தேங்கும் வண்டலைக் கோடையில் அள்ளி வயலில் இடலாம். போன மேல்மண்ணில் ஒரு பங்காவது நிலத்திற்குத் திரும்பும்.