நாய்க்கு வேலி: மண்ணுக்குள் கம்பியா? வானத்தில் செய்மதியா?

சென்ற மாதம் எமது கடைக்கு ஓர் இளைஞர் வந்தார். கட்டாரில் ஏழு வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அதை முதலாகப் போட்டு, நாய்களின் கழுத்தில் மாட்டும் ஜீ.பீ.எஸ். பட்டிகளை 25 செட் இறக்குமதி செய்ய நினைக்கிறார். "நானா, அமெரிக்காவுல இது நல்லா ஓடுதாம். வேலியும் தேவையில்ல, மதிலும் தேவையில்ல. போன்ல கோடு கீறினாப் போதும். இங்க கொண்டு வந்தா ஓடுமா?" என்று கேட்டார்.

பட்டியோடு சேர்த்து, மண்ணுக்குள் கம்பி புதைத்துச் செய்யும் பழைய முறையின் விபரங்களையும் கொண்டு வந்திருந்தார். எது நல்லது, எதில் பணம் போடலாம் என்பதுதான் கேள்வி. அவருக்குச் சொன்ன விடயங்கள் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இவ்வாரம் இங்கே எழுதுகிறேன். எமது வாசகர்களில் வீட்டில் நாய் வளர்ப்போர் குறைவு. ஆனால் தென்னந்தோட்டம், கோழிப்பண்ணை, மாட்டுப்பட்டி வைத்திருப்போர் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நாய் வீதிக்குப் பாய்ந்து வாகனத்தில் அடிபடுவதும், மோட்டார் சைக்கிளில் போகிறவரை விழுத்துவதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிப்பதும் நாம் அறிந்தவையே.

மண்ணுக்குள் கம்பி

இம்முறை புதியதல்ல. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் பெக் என்ற விற்பனைப் பிரதிநிதி இதை உருவாக்கினார். ஊர் ஊராகப் பயணம் செய்தவர், வீதிகளில் நாய்கள் அடிபட்டுக் கிடப்பதைக் கண்டே இந்த யோசனைக்கு வந்தார் என்று சொல்வார்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. வளவைச் சுற்றி ஓரிரண்டு அங்குல ஆழத்தில் உறையிட்ட கம்பி ஒன்றைப் புதைக்க வேண்டும். அதன் இரு முனைகளும் வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெட்டிக்கு வரும். பெட்டி அந்தக் கம்பி வழியே மெல்லிய வானொலி அலை ஒன்றை அனுப்பும். நாயின் கழுத்துப்பட்டியில் அதைப் பிடிக்கும் சிறு கருவி உள்ளது. நாய் எல்லையை நெருங்கும்போது முதலில் 'பீப்' என்று சத்தம் வரும். அதையும் மீறினால் கழுத்தில் சிறு மின்னதிர்ச்சி. கம்பியைத் தொட்டால் ஷொக் அடிக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அதிர்ச்சி பட்டியிலிருந்துதான் வருகிறது. யானை வேலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கம்பி ஒரு முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் அறுந்தாலும் முழு வேலியும் செத்துவிடும். பெட்டி சத்தமிட்டு அறிவிக்கும், ஆனால் எங்கே அறுந்தது என்று தேடுவது எமது வேலை. வீட்டிலிருந்து எல்லை வரை போகும் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிப் புதைக்க வேண்டும். அப்போது இரண்டின் அலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். முறுக்காமல் விட்டால் வளவின் நடுவிலும் நாய்க்கு அதிர்ச்சி விழும். இது தெரியாமல் பூட்டிவிட்டு, சாமான் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு வருவோர் இருப்பார்கள்.

ஜீ.பீ.எஸ். பட்டி

இங்கே கம்பி கிடையாது. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளிலிருந்து வரும் அலைகளைக் கொண்டு பட்டி தான் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. குறைந்தது நான்கு செய்மதிகளின் அலை கிடைக்க வேண்டும். அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களுக்கான அலையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் அதை நீக்கிய பின்னரே இப்படியான வியாபாரங்களுக்கு வழி பிறந்தது.

இதில் இரு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குவோர் பலர். முதல் வகை, நாய் எங்கே இருக்கிறது என்று தொலைபேசியில் காட்டும். அவ்வளவுதான், நாயைத் தடுக்காது. இரண்டாவது வகை, தொலைபேசியில் நாம் கீறிய எல்லையை நாய் நெருங்கும்போது சத்தமும் அதிர்வும், தேவையென்றால் மின்னதிர்ச்சியும் கொடுக்கும். விலை கூடியது இந்த இரண்டாவது வகை. எமது இளைஞர் கொண்டு வந்த தாளில் இருந்தது முதல் வகையின் விலை. அவர் நினைத்துக்கொண்டிருந்தது இரண்டாவது வகையின் வேலை!

காணியின் அளவே தீர்மானிக்கும்

திறந்த வெளியில் சாதாரண ஜீ.பீ.எஸ். கருவி சுமார் 5 மீற்றர், அதாவது 16 அடி வரை பிழை காட்டும். தென்னை, மா, பலா அடர்ந்த இடத்திலும் மாடிக் கட்டடங்களுக்கு இடையிலும் பிழை கூடும். நல்ல பட்டிகள் இதைக் குறைக்கின்றன. என்றாலும் கணக்குப் போடும்போது 16 அடியை மனதில் வைப்பதே புத்தி.

20 பேர்ச்சஸ் காணியை எடுப்போம். சதுரமானால் ஒரு பக்கம் சுமார் 74 அடி. பிழைக்கு இடம் விட்டு ஒவ்வொரு பக்கத்திலும் 16 அடி உள்ளே எல்லை கீறினால், நாய்க்கு மிஞ்சுவது ஏறக்குறைய 42 அடிச் சதுரம். முழுக் காணியில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. அதற்குள் வீடும் நிற்கிறது. அப்படியானால் நாய்க்கு எங்கே இடம்?

ஒரு ஏக்கர் என்றால் ஒரு பக்கம் 209 அடி. அதே கணக்கில் பத்தில் ஏழு பங்கு மிஞ்சும். பத்து ஏக்கரில் பத்தில் ஒன்பது பங்கு மிஞ்சும். ஆகவே ஜீ.பீ.எஸ். பட்டி பெரிய காணிக்கு உரியது. சிறிய வளவில் அது காசைக் கரைக்கும்.

கம்பியின் கணக்கு வேறு. ஒரு ஏக்கரைச் சுற்றி 835 அடி கம்பி வேண்டும். பொதுவாக 500 அடிச் சுருளாக வருவதால் இரண்டு சுருள். பத்து ஏக்கருக்கு 2,640 அடி, ஆறு சுருள். கம்பியின் விலை பெரிதல்ல. அரை மைல் தூரம் மண்ணைக் கீறிப் புதைக்கும் கூலியும், வேர், கல், பாதை என்று வரும் தடைகளுமே செலவு. பிறகு தோட்டக்காரரின் மண்வெட்டி ஒரு நாள் கம்பியில் படும். எலியும் கடிக்கும்.

ஐந்து வருடக் கணக்கு

சாமானின் விலையை மட்டும் பார்ப்பவன் வியாபாரியல்ல. ஐந்து வருடத்தில் வாங்குபவரின் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்கச் சந்தையில் கம்பி வேலிச் செட் ஒன்று பெரும்பாலும் 200, 300 டொலர் அளவில் கிடைக்கிறது. இரண்டு நாய்களுக்கு என்றால் மேலதிகப் பட்டி ஒன்று வேண்டும். மொத்தம் 400 டொலர் என்று வைப்போம். ஐந்து வருடத்துக்கு பற்றரி, கம்பி திருத்தம் என்று இன்னும் 200 சேர்த்தால் 600 டொலர். புதைக்கும் கூலி வேறு.

எல்லை காக்கும் ஜீ.பீ.எஸ். பட்டி ஒன்று 500 முதல் 1,000 டொலர் வரை போகும். ஒவ்வொரு நாய்க்கும் ஒன்று தேவை. 600 டொலர்ப் பட்டி இரண்டு என்றால் 1,200. அதற்கு மேல் மாதச் சந்தா. பட்டி ஒன்றுக்கு மாதம் 10 டொலர் என்று பிடித்தாலும் ஐந்து வருடத்தில் இரண்டு பட்டிக்கும் 1,200. ஆக 2,400 டொலர். கம்பியைப் போல நான்கு மடங்கு. பற்றரி பழுதாகி இடையில் புதுப் பட்டி வாங்கும் செலவை நான் சேர்க்கவில்லை.

சந்தாவில் இன்னொரு விடயம். சில கம்பனிகளின் பட்டி சந்தா இல்லாமலும் எல்லையைக் காக்கும். வேறு சிலவற்றில் சந்தா நின்றால் பட்டி வெறும் தோல்வார்தான். கம்பனி மூடப்பட்டாலும் அதே கதிதான். மண்ணுக்குள் புதைத்த கம்பியோ, செய்த கம்பனி போன பின்னும் வேலை செய்யும்.

இரண்டுக்கும் பொதுவான குறைகள்

முதலாவது, பழக்காமல் எதுவும் வேலை செய்யாது. எல்லையில் சிறு கொடிகளை நட்டு, நாயைக் கயிற்றில் பிடித்து, சத்தம் கேட்டால் திரும்ப வேண்டும் என்று இரண்டு வாரமளவில் தினமும் பழக்க வேண்டும். பட்டியை மாட்டிவிட்டு வாசலைத் திறந்தால், அதிர்ச்சி விழும்போது நாய் எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, இவை வெளியே இருந்து வருவதைத் தடுக்கா. எமது வீதிகளில் கட்டாக்காலி நாய்களுக்குக் குறைவில்லை. அவை உள்ளே வந்து எமது நாயைக் கடித்தால் விசர்நாய் நோய்ப் பயமும் கூடவே வருகிறது. எமது நாய் துரத்தும் வெறியில் அதிர்ச்சியையும் பொருட்படுத்தாமல் எல்லையைத் தாண்டலாம். தாண்டிய நாய், திரும்பி வரும்போது மீண்டும் அதிர்ச்சி விழுமென்ற பயத்தில் வெளியிலேயே நின்றுவிடும்.

2017இல் அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த மிருக வைத்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், இலத்திரனியல் வேலிக்குள் இருந்த நாய்களில் 100க்கு 44 தப்பி ஓடியிருந்தன. கண்ணால் காணும் சாதாரண வேலிக்குள் இருந்தவற்றில் 100க்கு 23 மட்டுமே. சும்மா நிற்கும் வேலி விலை கூடிய கருவியை வென்றுவிட்டது.

மூன்றாவது, மிருகத்தின் வலி. பட்டியின் இரு உலோக முனைகளும் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். நாள் முழுக்க இறுக்கி மாட்டினால் புண் வரும். தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும். வேல்ஸ் நாட்டில் 2010ஆம் ஆண்டு முதல் மின்னதிர்ச்சிப் பட்டிகளுக்குத் தடை உண்டு. எமது நாட்டிலும் மிருகவதைத் தடைச் சட்டம் 1907இலிருந்தே இருக்கிறது. அதிர்ச்சியை நிறுத்திவிட்டு சத்தமும் அதிர்வும் மட்டும் வைக்க முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். வாயில்லாப் பிராணியின் விடயத்தில் இலாபத்தை மட்டும் பார்க்கக் கூடாது.

இறக்குமதி செய்ய முன்

1990களில் நான் அமெரிக்காவிலிருந்து வந்த அழைப்பு மணிகள் நாற்பதை மலிவாக வாங்கினேன். அவை 110 வோல்ட்டுக்கு உரியவை என்பதைப் பெட்டியில் வாசிக்கவில்லை. விற்ற முதல் மூன்றும் ஒரே கிழமையில் புகைந்தன. காசைத் திருப்பிக் கொடுத்தேன். மீதி கடையின் மேல்தட்டில் பல வருடம் கிடந்தது. பிழை என்னுடையது. அதனால்தான் இளைஞருக்குப் பின்வரும் விடயங்களை எழுதிக் கொடுத்தேன்.

1. கம்பி வேலிப் பெட்டியும் பட்டியின் சார்ஜரும் 230 வோல்ட்டில் வேலை செய்யுமா? சாமானிலேயே அச்சடித்திருப்பதைப் பாருங்கள்.

2. வானொலி அலை பாவிக்கும் சாமானுக்கு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. பணம் அனுப்ப முன் விசாரியுங்கள். சாமான் சுங்கத்தில் கிடந்தால் வாடகை உங்கள் தலையில்.

3. பட்டிக்குள் இருக்கும் சிம் எமது நாட்டு வலையமைப்பில் வேலை செய்யுமா? சில பட்டிகள் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. அந்தத் தோட்டத்தில் தொலைபேசி அலை கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள்.

4. மின்வெட்டு. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். மின்சாரம் போனால், மாற்று பற்றரி இல்லாத கம்பி வேலி அந்த நிமிடமே நின்றுவிடும். ஜீ.பீ.எஸ். பட்டியையோ ஏறக்குறைய தினமும் சார்ஜ் போட வேண்டும்.

5. மின்னல். நீண்ட கம்பி மின்னலின் தாக்கத்தை நேரே பெட்டிக்குக் கொண்டு வரும். அதற்கான பாதுகாப்புக் கருவியையும் சேர்த்தே விற்க வேண்டும்.

6. பழுது பார்க்க யார் இருக்கிறார்? விற்றவனைத்தான் தேடி வருவார்கள்.

எனது முடிவு இதுதான். அரை ஏக்கருக்குக் குறைந்த வளவுக்கு இரண்டும் வேண்டாம், மதிலோ வலைக் கம்பி வேலியோ போதும். ஒன்று, இரண்டு ஏக்கரில் வேலி போட முடியாத நிலை என்றால் மண்ணுக்குள் கம்பி. பெரிய திறந்த காணியில், சந்தா கட்ட வசதியும் தினமும் சார்ஜ் போட ஆளும் இருந்தால் ஜீ.பீ.எஸ். பட்டி. நாய் காணாமல் போனால் தேடிப் பிடிக்க மட்டும் என்றால், இடம் காட்டும் மலிவான வகையே தாராளம்.

இத்தொழில்நுட்பம் நாயோடு நிற்கவில்லை. நோர்வேயில் நோஃபென்ஸ் என்ற கம்பனி ஆடுகளுக்கும் மாடுகளுக்கும், நியூசிலாந்தில் ஹோல்டர் என்ற கம்பனி மாடுகளுக்கும் இதே முறையில் பட்டி செய்கின்றன. வயலுக்குள் மாடு இறங்கிப் பொலிஸ் வரை போகும் ஊர்களில் இதன் விலை குறையும் நாளைக் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது.

இளைஞரிடம் 25 செட்டை விட்டுவிட்டு, இரண்டு மாதிரிகளை மட்டும் கொண்டு வந்து, அறிந்தவரின் தோட்டத்தில் ஒரு மாரி காலம் முழுவதும் பாவித்துப் பார்க்கச் சொன்னேன். அவரது முகம் சற்று வாடியது. "அதுக்கிடையில வேறொருத்தன் கொண்டு வந்திட்டா, நானா?" என்று கேட்டார். கொண்டு வரட்டும், அவரது வாடிக்கையாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை நாம் செலவில்லாமல் அறிந்துகொள்வோம் என்றேன். பாலைவன வெயிலில் ஏழு வருடம் உழைத்த பணம். அதை ஒரு மழைக்காலம் காக்க வைப்பதில் நட்டமில்லை.