இரிடியத்தின் வேலையைப் பொசுபரசு செய்யுமா?

வெள்ளவத்தைப் பாமசிகளில் பிரஷருக்காக விற்கப்படும் லொசாட்டன் குளிசையின் மூலக்கூறில் இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டியிருக்கின்றன. மேர்க் நிறுவனத்தார் 1994இல் வெளியிட்ட செய்முறைப்படி, முதலில் ஒரு வளையத்தில் போரன் ஏற்றப்படும். பிறகு பலேடியம் அந்தப் போரனைக் கழற்றி, அவ்விடத்தில் மற்ற வளையத்தைப் பூட்டும். போரன் இங்கே ஒரு கைப்பிடிதான், ஆனால் அதைப் பொருத்துவது எளிதல்ல. காற்றுப் பட்டால் தீப்பற்றக்கூடிய பியூட்டைல் லிதியம் அதற்கு வேண்டியிருந்தது. 2002இல் மியாவுராவும் ஹார்ட்விக்கும் இரிடியம் ஊக்கியைக்கொண்டு, வளையத்திலுள்ள ஐதரசனின் இடத்தில் நேரடியாகவே போரனை ஏற்றினார்கள். அழகான வினை. ஆனால் இரிடியம் உலகெங்கும் ஆண்டுக்குப் பத்துத் தொன்கூடக் கிடைக்காத உலோகம். வாய்வழி மருந்தில் அதன் எச்சம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டவும் கூடாது.

பொசுபரசு அப்படி அரிதானதல்ல. நம் எப்பாவலைப் பாறையிலேயே ஏராளமாக இருக்கிறது. அதனால் இந்த வேலையை அதற்குப் பழக்க முயல்வது தகும் என்பேன். இரிடியத்தின் திறமை, ஒரு பிணைப்பைத் திறந்து இரு துண்டுகளையும் தாங்கி, புதிய சோடியாக இணைத்து விட்டபின் பழைய நிலைக்கு மீள்வதில் இருக்கிறது. மூன்று பிணைப்புள்ள பொசுபரசு ஐந்துக்கு எளிதில் ஏறும். திரும்பி வருவதுதான் சிரமம். மீளாதது ஊக்கியாகாது. கூடாரம்போன்ற அதன் இயல்பான வடிவத்தை வளையங்களால் இறுக்கித் தட்டையாக்கினால் இந்தக் குணம் மாறுகிறது. அமெரிக்காவில் ரடோசெவிச் குழுவினர் இவ்வாறு வளைத்த பொசுபரசால் போரன்–ஐதரசன் பிணைப்பைத் திறந்து, காபன்–நைதரசன் இரட்டைப் பிணைப்புள்ள இமீன்களில் போரனை ஏற்றியதை 2017இல் வெளியிட்டார்கள். வளையங்களில் ஏற்றுவதற்கும் உலோகம் கட்டாயமல்ல என்பதைக் கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் ஃபொண்டேன் குழு 2015இலேயே காட்டிவிட்டது. அங்கே ஊக்கியாக நின்றவை போரனும் நைதரசனும்.

வளைத்த பொசுபரசு ஊக்கிகளும் சேதனப் பொசுபரசுச் சேர்வைகளே. அப்பெயரைக் கேட்டதும் இந்நாட்டில் பூச்சிமருந்து நஞ்சுதான் நினைவுக்கு வரும். 1995இல் அவற்றில் மிகக் கொடியவை இங்கே தடைசெய்யப்பட்டதற்குப் பின்னால் எண்ணற்ற சாவுகள் இருக்கின்றன. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அந்த நஞ்சுகள் கொல்வது நரம்பு நொதியமொன்றில் பொசுபரசைப் பூட்டிவிடுவதால். ஊக்கிச் சேர்வைகளின் கட்டமைப்பு வேறு. அவற்றின் நச்சுத்தன்மையைத் தனியாகச் சோதித்தறிய வேண்டுமேயொழிய, பெயரைவைத்துத் தீர்ப்பளிக்க முடியாது. இதைவிடக் கனமான மறுப்பு, துளி இரிடியம் செய்யும் வேலைக்கு உலோகமற்ற ஊக்கி கூடுதலாகத் தேவைப்படும் என்பது. அது உண்மை. ஆயினும் இரண்டும் ஒரே இடத்தைத் தேடுவதில்லை: நைதரசனுள்ள வளையச் சேர்வையான மெதைல் இந்தோலில் லவால் ஊக்கி இலத்திரன் செறிந்த மூன்றாம் காபனில் போரனை ஏற்றுகிறது, இரிடியமோ வழக்கமாக நைதரசனுக்கு அடுத்த இரண்டாம் காபனையே நாடுகிறது.